கும்மட்டம் இல்லாத பள்ளிகள்: மணமேல்குடிக் கரையிலிருந்து ஒரு சிறு ஆய்வு

மணமேல்குடி என்ற பெயரைத் தமிழ் இலக்கியத்தில் நிலைக்கவைத்தவர் குலச்சிறை நாயனார். நின்றசீர் நெடுமாறன் என்னும் பாண்டியனின் அமைச்சர். மங்கையர்க்கரசியாரோடு சேர்ந்து திருஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தவர். 7ஆம் நூற்றாண்டுக்காரர். அதே நூற்றாண்டில், இந்தக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 4,500 கிலோமீட்டருக்கு அப்பால், பேரீச்சம்பழம் உலர்த்துகிற ஒரு களத்தில், வெயிலில் காய்ந்த மண்கற்களை அடுக்கி ஒரு மதில் எழுப்பினார்கள். மதீனாவின் அந்தக் கட்டடம்தான் பின்னால் உலகமெங்கும் எழுந்த பள்ளிவாசல்களுக்கெல்லாம் தாய்.

அந்தத் தாய்ப் பள்ளியின் கட்டுமான முறையை இன்று எங்கே போய்ப் பார்க்கலாம் என்று யாரேனும் கேட்டால் கெய்ரோவையும் இஸ்தான்புல்லையும் நான் சொல்ல மாட்டேன். கீழக்கரை, காயல்பட்டினம் முதலான ஊர்களில் இன்னும் இடிபடாமல் நிற்கிற தட்டைக்கூரைக் கல் பள்ளிகளைக் காட்டுவேன். ஊர்ப்பற்றில் சொல்வதாக எண்ண வேண்டாம். இதற்குக் கட்டடச் சான்று உண்டு, ஆண்டுக் கணக்கும் உண்டு.

முதலில் மதீனா. கி.பி. 622இல் நபிகள் நாயகம் அங்கே குடியேறியதும் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமான களத்தை விலைகொடுத்து வாங்கினார்கள். அடித்தளம் கல். சுவர் மண்கல். தூண்கள் பேரீச்ச மரத்தின் தண்டுகள். கூரை அதே மரத்தின் மட்டையும் மேலே பூசிய மண்ணும். நீளம் ஏறத்தாழ 35 மீட்டர், அகலம் 30 மீட்டர். பெரும்பகுதி திறந்த முற்றம். மழை பெய்தால் ஒழுகும். ஒரு ரமளான் இரவில் பெய்த மழையில் நபிகளின் நெற்றியில் ஸஜ்தா செய்த இடத்துச் சேறு ஒட்டியிருந்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. முதலில் ஜெருசலேமை நோக்கித் தொழுதார்கள். 624இல் திசை மக்காவின் கஅபாவுக்கு மாறியது. வடக்கே இருந்த பழைய நிழற்பந்தலை அவர்கள் பிரிக்கவில்லை. வீடு வாசல் அற்ற தோழர்களுக்கு அதைத் தங்குமிடமாக விட்டுவிட்டார்கள். அதுவே திண்ணைத் தோழர்களின் ஸுஃப்பா. பேருரை ஆற்றும்போது நபிகள் ஒரு மரத்தண்டில் சாய்ந்து நிற்பார்கள். பின்னர் மூன்று படி கொண்ட மரத்தாலான மிம்பர் ஒன்று செய்து வைக்கப்பட்டது. தளவாடம் என்று சொல்ல அது ஒன்றுதான்.

இந்தக் கட்டடத்தில் கும்மட்டம் இல்லை, மினாரா இல்லை. தொழும் திசையைக் காட்டச் சுவரில் குழிந்த மிஹ்ராபு மாடமும் இல்லை. இம்மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில் வந்து சேர்ந்தவை. குழிந்த மிஹ்ராபு 707 முதல் 709 வரை மதீனாப் பள்ளியை உமையா கலீஃபா முதலாம் வலீத் புதுப்பித்தபோது தோன்றியது. வேலையில் எகிப்தின் காப்டிக் கிறித்தவக் கொத்தர்கள் இருந்தார்கள். பாங்கு சொல்லும் கோபுரம் எகிப்தின் ஃபுஸ்தாத் பள்ளியில் 673இல் கூரை மூலைகளில் எழுந்தது. டமாஸ்கஸில் பழைய ரோமானியக் கோயில் மதிலின் மூலைக் கோபுரங்களே அந்த வேலைக்குப் பயன்பட்டன. கும்மட்டம் தொடக்கத்தில் மிஹ்ராபுக்கு முன்னால் சிறிய அளவில் வந்தது. கும்மட்டமே முழுக் கூரையாகி நிற்பது உஸ்மானியத் துருக்கியர் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வளர்த்தெடுத்த வடிவம். நம் ஊர்களில் இன்று அதிகம் காணப்படும் வெங்காய வடிவக் கும்மட்டம் முகலாயர் வழி வந்தது. ஆக, பள்ளிவாசலின் அடையாளம் என்று தபால்தலை முதல் தீப்பெட்டிப் படம் வரை நாம் வரைகிற உருவம், மூலப்பள்ளி தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்து வந்தது.

இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டுகளில் பள்ளி கட்டியவர்கள் செய்த காரியம் ஒன்றே. போன ஊரில் எது தூணாகக் கிடைத்ததோ அதை நட்டு, மேலே தட்டையாகக் கூரை போட்டார்கள். 638ஐ ஒட்டி இராக்கில் கூஃபா நகரம் அமைந்தபோது ஒரு வில்லாளி நடுவில் நின்று நாலு பக்கமும் அம்பெய்தான். அம்பு விழுந்த எல்லைதான் பள்ளியின் சதுரம். சுவருக்குப் பதில் அகழி. நிழற்பந்தலுக்கு அருகிலுள்ள ஹீரா நகரத்தின் இடிபாட்டுச் சலவைக்கல் தூண்கள். துனீசியாவின் கைரவானில், 836இல் இன்றைய வடிவம் பெற்ற பெரிய பள்ளியில், ரோமானிய, பைசாந்தியத் தூண்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று தலைப்பகுதி ஒத்துவராது. ஒத்துவர வேண்டும் என்று அவர்கள் கவலைப்படவும் இல்லை. ஸ்பெயினின் கோர்தோபாவில் 780களில் கட்டத் தொடங்கியபோது கிடைத்த தூண்கள் குட்டையாக இருந்தன. ஒரு வளைவின்மேல் இன்னொரு வளைவை ஏற்றி உயரத்தைச் சரிக்கட்டினார்கள். உலகம் வியக்கிற அந்த இரட்டை வளைவுகள் தூண் உயரம் போதாமையிலிருந்து பிறந்தவை.

மதீனாவுக்கே திரும்பி ஒரு செய்தி சொல்ல வேண்டும். மூன்றாம் கலீஃபா உஸ்மான் 649, 650 வாக்கில் அந்தப் பள்ளியைப் பெரிதாக்கினார். செதுக்கிய கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சுவர், கல் தூண்கள், தேக்கு மரத்தால் கூரை என்று புகாரி ஹதீஸ் தொகுப்பு சொல்கிறது. அரேபியாவில் தேக்கு விளையாது. அது இந்தியக் கரையிலிருந்து கப்பலேறிப் போன மரம். இஸ்லாம் தோன்றி இரண்டு தலைமுறை ஆவதற்குள் அதன் தாய்ப் பள்ளியின் தலைக்கு மேலே நம் பக்கத்து மலைக்காட்டு மரம் ஏறிவிட்டது. பள்ளிவாசல் எங்கிருந்தோ இந்தியாவுக்கு இறங்கிய கட்டடம் என்று எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தியத் துணைக்கண்டத்தில் ஆண்டு உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய பள்ளி சிந்துவின் பன்போர் என்ற துறைமுகத்தில், கராச்சிக்கு அருகே, அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்கே கிடைத்த கல்வெட்டில் ஹிஜ்ரி 109, அதாவது கி.பி. 727 என்ற ஆண்டு இருக்கிறது. தொழுகைக் கூடத்தில் மூன்று வரிசையாகக் கல் பீடங்கள், அவற்றின்மேல் மரத்தூண்கள் நின்றிருந்தன, மேலே தட்டைக்கூரை. மேற்குச் சுவரில் மிஹ்ராபு மாடம் கிடையாது. கூஃபாவில் செய்ததைச் சிந்துவின் கடலோரத்தில் அப்படியே செய்திருக்கிறார்கள். குஜராத்தின் பத்ரேஷ்வரில் 1159, 1160ஐச் சேர்ந்த இப்ராஹீம் அடக்கத்தலமும் அதை ஒட்டிய பள்ளியும் உள்ளூர்ச் சிற்பிகள் கையால் எழுந்தவை. தில்லியில் சுல்தானியம் தோன்றுவதற்கு முன்பே கடல் வணிகர்கள் கட்டியவை அவை. இந்தியாவில் பள்ளிவாசலின் கதை குதுப்மினாரில் தொடங்குவதாகப் பாடநூல்களில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை.

தெற்கே வந்தால் ஆண்டுக் கணக்கில் மரபு ஒரு பக்கமும் கல் ஒரு பக்கமும் பேசும். கொடுங்கல்லூர் சேரமான் பள்ளிக்கு 629 என்கிறது மரபு. கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிக்கும் நபிகளின் காலத்தையே சொல்கிறார்கள். திருச்சி கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகேயுள்ள கல் பள்ளிக்கு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 என்கிறார்கள். இந்த மரபுகளை நான் மதிக்கிறேன். ஒரு சமூகம் தன் தொடக்கத்தை எந்த நூற்றாண்டில் வைத்துப் பார்க்கிறது என்பதும் வரலாறுதான். ஆனால் நிற்கிற கட்டடத்தின் வயதை மரபைக் கொண்டு அல்ல, தூணின் தலையில் இருக்கும் போதிகையைக் கொண்டு அளக்க வேண்டும். வாழைப்பூ மொட்டுப்போல் கீழே தொங்கும் பூமுனைப் போதிகை விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. அது இருக்கிற மண்டபம் கோயிலானாலும் பள்ளியானாலும் இன்றைய உருவம் பெற்றது அக்காலத்தில்தான். அடித்தளமும் வழிபாடும் பழையதாக இருக்கலாம். மேலே நிற்கும் கல்லுக்கு அதன் சொந்த வயது உண்டு. இதை ஒப்புக்கொள்வதால் எந்த ஊரின் பெருமையும் குறையாது.

எழுத்துச் சான்று வேண்டுமானால் மணமேல்குடிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் தாண்டித் தொண்டிக்குப் போகிற வழியில் தீர்த்தாண்டதானம் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், அத்துறையில் கூடிய வணிகக் குழுக்களுள் மணிக்கிராமத்தோடு அஞ்சுவண்ணமும் இடம்பெறுகிறது. மேற்கு ஆசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு அது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், 849இல், அதே அஞ்சுவண்ணத்தைக் காண்கிறோம். அந்த ஏட்டில் சாட்சிகள் சிலர் கூஃபி எழுத்தில் அரபியிலேயே கையெழுத்திட்டிருக்கிறார்கள். இன்னும் தெற்கே, திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகர் என்னும் முஸ்லிம் வணிகர் கட்டிய பிழார்ப்பள்ளிக்கு அரசன் வரி வருவாயை விட்டுக்கொடுத்ததைச் சொல்கிறது. பள்ளிவாசலுக்கான அரசாணை திருமால் கோயில் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் ஆவணக் காப்பகம் கோயில் மதில்தான் என்பதால் யாருக்கும் அதில் வியப்பு இருந்திருக்காது. அந்தப் பட்டினம் இன்றைய பெரியபட்டினம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே நடந்த அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன.

வணிகம் என்றால் இந்தக் கரையில் முதலில் குதிரை. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கைஸ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்ற அதிபதி ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பாடு இருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் எழுதுகிறார். மணமேல்குடிக்கு மேற்கே இருபது கிலோமீட்டர் அளவில் ஆவுடையார்கோயில். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் பொன்னைச் செலவிட்டுக் கோயில் கட்டினார், சிவபெருமான் குதிரை வணிகராக மதுரைக்கு வந்தார் என்ற கதை நடக்கும் திருப்பெருந்துறை அதுவே. அந்தக் கருவறையில் லிங்கம் கிடையாது. ஆவுடை மட்டும் இருக்கும். உருவமற்ற இடத்தை நோக்கி வணங்குவது இந்த வட்டாரத்துக்குப் புதிதாக யாரும் கற்றுக்கொடுத்த வழக்கமன்று. கருங்கல்லை மரப்பலகைபோல் இழைத்துக் கொடுங்கை செய்த சிற்பிகளின் கைத்திறனும் அங்கேயே இருக்கிறது. அந்த மரபில் வந்த கைகளிடம்தான் கடலோரத்துச் சோனகர்கள் தங்கள் பள்ளியைக் கட்டித்தரச் சொன்னார்கள்.

சிற்பி என்ன செய்தார் என்பதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவருக்குத் தெரிந்த தூணுக்கு உறுப்புகள் உண்டு. அடியில் ஒரு சதுரம், நடுவில் ஒன்று, மேலே ஒன்று. இடையிடையே எண்பட்டைக் கட்டு. தலையில் போதிகை. போதிகைமேல் உத்திரம். உத்திரத்தின்மேல் மூடுகல். விளிம்பில் கொடுங்கை. கோயில் மண்டபத்தில் அந்தச் சதுரங்களின் முகப்பில் தெய்வமும் யாளியும் அடியவரும் வருவார்கள். பள்ளிக்குச் செய்யும்போது அதே சதுரத்தில் தாமரையும் கொடியும் கோடுகள் பின்னிய கோலமும் வந்தன. தூணின் அளவு மாறவில்லை, உறுப்பு மாறவில்லை. உயிருள்ளவற்றின் உருவம் மட்டும் ஒதுங்கிக்கொண்டது. கோயில் தூணைப் பார்த்துப் பழகிய கண் இந்த வெற்றுச் சதுரத்தில் வந்து நின்றால் கல்லின் இழைப்பையும் விளிம்பின் நேர்த்தியையும் முதன்முறையாகக் கவனிக்கும். தமிழ்ச் சிற்பக்கலை தன் அளவு ஒழுங்கை மட்டுமே நம்பி நின்ற இடங்கள் இப்பள்ளிகள். கலை வரலாற்று நூல்கள் இவற்றுக்கு ஒரு தனி அதிகாரமாவது கொடுத்திருக்க வேண்டும்.

தூண் ஒன்றானாலும் அது நிற்கும் பொருள் வேறு. கோயிலில் மண்டபங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவறையை நோக்கி உள்ளே இழுத்துச் செல்லும். நடுவழி உயரும், வெளிச்சம் குறையும், ஓர் இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டும். பள்ளியில் அப்படி ஒரு நடு இல்லை. நாலு தூணுக்கு இடைப்பட்ட ஓர் அங்கணம் இன்னோர் அங்கணத்தைவிட உயர்ந்ததன்று. தொழுகிறவர்கள் தோளோடு தோள் ஒட்டி ஸஃபு கட்டுகிறார்கள். முதல் ஸஃபில் முந்தி வந்தவர் நிற்கலாம், பிந்தி வந்த செல்வர் கடைசியில்தான் நிற்க வேண்டும். ஒரே அளவுத் தூண்களை ஒரே இடைவெளியில் நட்ட கூடம் இந்தச் சட்டத்தைக் கல்லில் சொல்கிறது. மதீனாவின் பேரீச்சத் தண்டுகள் சொன்னதும் அதுவே. பெரிய கும்மட்டத்தின் கீழே நின்றால் கண் தானாக நடுவைத் தேடி மேலே போகும். தட்டைக்கூரையின் கீழே பக்கத்தில் நிற்கும் ஆளைத்தான் பார்க்கும்.

மதீனாவும் தமிழ்க்கரையும் எல்லாவற்றிலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நம் கல் பள்ளிகளில் குழிந்த மிஹ்ராபு உண்டு, ஆகவே அவை வலீதின் காலத்துக்குப் பிந்திய மரபை ஏற்றவை. மதீனாவின் திறந்த முற்றம் இங்கே சுருங்கி, உள்பள்ளி, முன்மண்டபம் என்று மூடிய கூடங்களாகிவிட்டது. ஒற்றுமை வரைபடத்தில் இல்லை. கிடைத்த பொருளில் தூண் நட்டுத் தட்டைக்கூரை போடுவது என்ற முறையில் இருக்கிறது. இதே முறையை மலபார்க்காரர்கள் மழைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். கோழிக்கோட்டின் மிஷ்கால் பள்ளி மரத்தாலும் அடுக்குச் சரிவுக்கூரையாலும் ஆனது; 1510இல் போர்த்துகீசியர் அதைக் கொளுத்தினார்கள், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் மக்கள் திரும்பச் சீர்செய்தார்கள். நம் பக்கம் மழை குறைவு, கல் நிலைக்கும். ஆனால் மணமேல்குடியைச் சுற்றிலும் மணலும் வண்டலும்தான். கருங்கல் வேண்டுமானால் மேற்கே நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கம் போக வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து கல் கொண்டுவந்து நிறுத்துவதென்றால் ஒரு ஜமாத்தின் பல ஆண்டு உழைப்பும் பணமும் அதில் இருக்கும். கடலோரத்தில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கல் தூணையும் அந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

பாங்குக்கும் இங்கே கோபுரம் தேவைப்படவில்லை. மதீனாவில் நபித்தோழர் பிலால் பள்ளிக்குப் பக்கத்திலிருந்த ஓர் உயரமான வீட்டின் கூரையில் ஏறிப் பாங்கு சொன்னார். 630இல் மக்கா கைவசமானபோது கஅபாவின் மேலேயே ஏறிச் சொன்னார். தமிழ்க்கரைப் பழைய பள்ளிகளில் மோதினார் படியேறித் தட்டைக்கூரையில் நின்று சொல்வார். கூடவே நகரா முழங்கும். தட்டைக்கூரை கூரையாகவும் மேடையாகவும் இருந்தது.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் ஹவுளைக் கட்டுவதில் சட்ட நூல்களின் கை தெரியும். ஹனஃபி என்னும் சட்டப் பிரிவில் (மத்ஹபில்) பத்து முழத்துக்குப் பத்து முழம் அளவுள்ள தொட்டியின் தேங்கிய நீர் ஓடுகிற நீருக்குச் சமம். சிறிது அசுத்தம் விழுந்தாலும் முழுத் தொட்டியும் கெட்டுவிடாது. ஷாஃபி மத்ஹபில் அளவு இரண்டு குல்லத்து, ஏறத்தாழ 200 லிட்டரை ஒட்டியது. கடலோரத்து மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி, உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. புதுக்கோட்டைக் கரை இருவரும் கலந்து வாழும் பகுதி. பழைய பள்ளி ஒன்றின் ஹவுளை முழக்கோலால் அளந்தால் அதைக் கட்டியவர்களின் மத்ஹபைப் பற்றி ஒரு தடயம் கிடைக்கலாம். ஷாஃபியார் தொட்டியைப் பெரிதாகக் கட்டக் கூடாது என்று விதி இல்லையாதலால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. அளந்து எழுதிவைத்தால் ஒப்பிடலாம். இப்போது பல இடங்களில் ஹவுளைத் தூர்த்துக் குழாய் வரிசை வைத்துவிட்டார்கள், அளக்கவும் வழியில்லை.

கும்மட்டம் தமிழ்நாட்டுக்குப் பெரும்பாலும் அடக்கத்தலங்களோடு வந்தது. மதுரை கோரிப்பாளையம் அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. பிறகு 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுகளின் செல்வாக்கில் வடநாட்டுப் பாணி பரவியது. அந்தக் குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணியில் கட்டிய வாலாஜா பெரிய பள்ளி 1795ஐச் சேர்ந்தது. நாகூரின் 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். இவை எல்லாம் அழகானவை. இவற்றின் வரலாறும் நம் வரலாறே. ஆனாலும் நம் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் பழைய முறையைத்தான் கையில் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரில் 1826இல் சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமியா பள்ளியின் தொழுகைக் கூடத்தில் ஐரோப்பியப் பாணித் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த ஊரில் அக்காலத்தில் கிடைத்த தூண் அதுதான். கூஃபாவில் ஹீராவின் தூண்களை நட்டவர்களுக்கு இது புரிந்திருக்கும்.

இப்போது நான் வருந்துகிற இடத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் உள்நாட்டிலும் கடந்த சில பத்தாண்டுகளில் தட்டைக்கூரைக் கல் பள்ளிகள் பல இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் கும்மட்டமும் மினாராவும் கொண்ட கான்கிரீட் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. காரணங்கள் அற்பமானவை அல்ல. ஜனம் பெருகிவிட்டது; ஜும்ஆவன்று வெயிலில் தெருவில் நின்று தொழ வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தை ஊர்ப்பள்ளிக்குக் கொடுப்பதைவிட நல்ல செலவு ஒருவருக்கு வேறு இருக்க முடியாது. கல் உத்திரம் நீண்ட இடைவெளியைத் தாங்காது என்பதால் தூண்கள் நெருக்கமாக நிற்கும், ஸஃபு தூணுக்குத் தூண் அறுந்துபோகும். தூண்களுக்கிடையே ஸஃபு கட்டுவதைத் தவிர்த்ததாக நபித்தோழர் அனஸ் வழியாக அறிவிப்பும் உண்டு. இவற்றுக்கெல்லாம் பதில் சொல்லாமல் பழமையைக் காப்போம் என்று முழங்குவது வீண்.

ஆனால் இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது: பழைய பள்ளி கோயில் மாதிரி இருக்கிறது, பள்ளிவாசல் மாதிரி இல்லை. இதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். மேலே சொன்ன ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். தூணும் தட்டைக்கூரையும் நபிகளின் காலத்தவை. கும்மட்டக்கூரை எண்ணூறு ஆண்டு பிந்தியது. மார்க்கத்தின் பெயரால் தட்டைக்கூரையை இடித்துக் கும்மட்டம் வைப்பவர், தான் தேடிய மூலத்தையே இடிக்கிறார்.

இடம் போதாவிட்டால் உள்பள்ளியை நிறுத்திவைத்து முன்னாலும் பக்கவாட்டிலும் விரிக்கலாம். மதீனாவில் கலீஃபாக்கள் உமரும் உஸ்மானும் அதே இடத்தில்தான் பள்ளியை விரித்தார்கள். தூண்களில் ஏற்றிய எண்ணெய்ப் பெயிண்டை, கல்லைச் சுரண்டாத முறையில் எடுத்துவிடலாம். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் தாமரை அப்படியே இருக்கும். இடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஜமாத் முடிவெடுத்தால், இடிப்பதற்கு முன்னால் ஒரு நில அளவையாளரையும் ஒரு புகைப்படக்காரரையும் கூப்பிட்டு ஒவ்வொரு தூணையும் அளந்து பதிவுசெய்ய ஓரிரு நாள் போதும். ஸ்தபதிகளிடம் கேட்டால், பிரித்த தூணை எண் போட்டு அடுக்கி வேறிடத்தில் திரும்ப நிறுத்துவது அவர்களுக்குப் பழகிய வேலை என்பார்கள்.

கிப்லாத் திசை, அதாவது மக்காவை நோக்கும் திசை, தவறு என்பதும் இடிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. கைபேசியில் திசைகாட்டி வந்தபிறகு இது அதிகமாகிவிட்டது. மணமேல்குடியிலிருந்து மக்காவுக்குத் தூரம் ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். திசை நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே. மேற்கையே கிப்லாவாகக் கொண்டு கட்டிய பழைய பள்ளியில் இந்த 22 பாகை வித்தியாசம் வரத்தான் செய்யும். பழைய உலகத்தில் திசை பிடித்த முறை வேறு. காற்றையும் விண்மீனையும் வைத்துப் பிடித்தார்கள். கஅபாவின் நீளவாட்டு அச்சே ஸுஹைல் விண்மீன் உதிக்கும் திசையை ஒட்டி அமைந்தது. அந்த விண்மீனைத்தான் நாம் அகத்தியர் என்கிறோம். அம்பு விட்டு எல்லை வகுத்த கூஃபாவிலும், எகிப்தின் ஃபுஸ்தாத்திலும், கோர்தோபாவிலும் முதல் பள்ளிகளின் திசை இன்றைய கணக்கோடு ஒத்துவராது. அவற்றில் தலைமுறை தலைமுறையாகத் தொழுதுவந்தார்கள். ஹனஃபி மத்ஹபுக்குத் தூரத்தில் இருப்பவர் பொதுவான திசையை நோக்கினால் போதும். ஷாஃபி மத்ஹபில் நுணுக்கம் கூடுதல், ஆனாலும் கட்டடத்தை இடிக்கச் சொல்லும் சட்டம் அதில் இல்லை. ஸஃபைத் திருப்பினால் முடிந்தது.

திருப்புவதற்குக் கைபேசியும் வேண்டாம். மே 28ஆம் தேதியும் ஜூலை 16ஆம் தேதியும் சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. ஒரு நாள் முன்பின்னானாலும் பெரிய வேறுபாடு வராது. அப்போது நம் கடிகாரத்தில் முதல் நாளில் பிற்பகல் 2 மணி 48 நிமிடம், இரண்டாவது நாளில் 2 மணி 57 நிமிடம். அந்த நேரத்தில் பள்ளியின் முற்றத்தில் ஒரு கழியைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நட்டு, நிழல் விழும் கோட்டைத் தரையில் குறித்துக்கொண்டால், நிழலின் நுனியிலிருந்து கழியின் அடியை நோக்கிப் போகிற திசையே கிப்லா. அந்தக் கோட்டுக்குக் குறுக்காக உள்பள்ளித் தரையில் சுண்ணாம்புக் கயிறு அடித்து, அதன்படி பாயைச் சாய்வாக விரிக்கலாம். தூண்களுக்குப் பாய் நேராக இருக்காது. கூடத்தின் ஒரு மூலையில் நாலைந்து பேர் நிற்கிற இடம் வீணாகும். ஒரு முழுக் கல் பள்ளியைக் காப்பாற்ற அந்த இடத்தை விட்டுக்கொடுக்கலாம்.